விளையாடும்போது ‘டக்’ என்று நிற்கும் கணினி: 80,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்

உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 21. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

கத்தாரில் வேலை செய்யும் அண்ணா அனுப்பிய காசில், இரண்டு மாதமும் சில நாட்களும் முன்பு, கடையொன்றில் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினியை வாங்கியிருக்கிறார். படிப்புக்கும் அதுதான், விளையாட்டுக்கும் அதுதான். ரைசன் 5 5600 புரொசசர், கடைக்காரர் ஆறு மாத வொரண்டியோடு கொடுத்த பாவித்த ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்ட், பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும், பெயர் தெரியாத நிறுவனத்தின் ‘750 வாட்’ பவர் சப்ளை. கரண்ட் போனால் பேட்டரியில் சற்று நேரம் தாங்கும், வீட்டில் முன்பே இருந்த 650 விஏ யூபிஎஸ்ஸில் கணினியையும் மொனிட்டரையும் இணைத்திருக்கிறார்.

பாடவேலை செய்யும்போதும் படம் பார்க்கும்போதும் ஒரு குறையும் இல்லை. கேம் தொடங்கி இருபது நிமிடம், அரை மணி நேரத்தில் ‘டக்’ என்ற சத்தத்தோடு கணினி நின்றுவிடுகிறது. மொனிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியபடி எரிந்துகொண்டிருக்கும். பட்டனை அழுத்தினாலும் கணினி எழும்பாது. பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால்தான் எழும்பும். சில நேரம், முக்கியமாக மாலை ஏழு மணிக்குப் பிறகு, அம்மா தண்ணீர் மோட்டரைப் போடும்போது யூபிஎஸ் கத்துகிறது, மொனிட்டரும் சேர்ந்து எல்லாமே இருண்டுவிடுகிறது. கணினிப் பெட்டியின் இரும்பில் கைவைத்தால் லேசாகக் கரண்ட் அடிப்பதுபோல் கூசுகிறதாம்.

வைரஸ் என்று நினைத்து விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டார். சூடு என்று நினைத்துப் பக்க மூடியைக் கழற்றி, நிற்கும் மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பலன் தரவில்லை. கடையில் ‘கார்ட் போய்விட்டது, கரண்டில் போனதற்கு வொரண்டி இல்லை, வேறு கார்ட் 80,000 ரூபாய்’ என்கிறார்கள். அப்பா ‘விளையாடி விளையாடி எரிச்சுப் போட்டாய்’ என்கிறார். அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை. கார்டை மாற்றவா, முழுக் கணினியையும் விற்றுவிடவா என்று கேட்கிறார்.

தம்பி, கடிதத்தோடு பவர் சப்ளை லேபலின் படத்தையும் விண்டோஸ் பதிவின் படத்தையும் அனுப்பியது மிக நல்ல வேலை. நீங்கள் ‘சின்ன விசயம்’ என்று கடைசி வரியில் எழுதிய ஒன்றிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

பெட்டியில் வரும் அந்தக் கூச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

பெட்டியைத் தொட்டால் கூசுகிறது என்றால் உங்கள் கணினிக்கு ஏர்த் போகவில்லை என்று பொருள். பவர் சப்ளைக்குள் மின்சாரத்தை வடிகட்டும் சிறு கப்பாசிட்டர்கள் உள்ளன. அவை உயிர்க்கம்பியையும் நியூட்ரலையும் பெட்டியின் இரும்போடு இணைக்கின்றன. ஏர்த் சரியாக இருந்தால் அங்கே கசியும் நுண்ணிய மின்னோட்டம் நிலத்துக்குப் போய்விடும். ஏர்த் இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பு 230 வோல்ட்டின் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் இப்போது கூச்சத்தோடு போகிறது. பவர் சப்ளைக்குள் ஒரு காப்பு உடைந்தால் அதே இரும்பில் முழு 230 வோல்ட்டும் வரும், அது வெளியேற வழியும் இருக்காது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஏர்த் இல்லாத இடத்தில், மின்சாரம் உங்கள் உடல் வழியாகக் கசியத் தொடங்கிய பிறகுதான் அது விழும்.

உங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரை மணல் காய்ந்தால் அதில் மின்சாரம் எளிதில் கடத்தப்படாது. மழைக்காலத்தில் ஓரளவு வேலை செய்த ஏர்த் கம்பி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெயருக்கு மட்டும் நிற்கும். உப்புக் காற்றில் கம்பியையும் வயரையும் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்து விட்டுப்போவதும் சாதாரணம். நிலாவெளி வீதியோரத்து வீடுகள் பலவற்றில், வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், அளந்து பார்த்தால் தொடர்பு இருக்காது.

ஆகவே எதற்கும் முன்னர், அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு மூன்று வேலைகளைச் செய்விக்கவும். ஏர்த் கம்பியின் தடையைக் கருவி வைத்து அளக்க வேண்டும். நீங்கள் பாவிக்கும் சொக்கற்றுக்கு ஏர்த் வயர் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்சைச் சோதிக்க வேண்டும். பழைய வட்டக்கால் சொக்கற்றில் மாற்றுப் பிளக் போட்டுக் கணினியைக் கொடுத்திருந்தால் அந்த மாற்றுப் பிளக்கிலேயே ஏர்த் அறுந்திருக்கலாம். இது முடியும்வரை பெட்டியைத் திறந்து கைவைக்க வேண்டாம். விளையாடவும் வேண்டாம். கம்பிக்கும் கிளிப்புக்கும் ஆகும் செலவு கடைக்காரர் கேட்கும் 80,000க்குப் பக்கத்திலும் வராது.

உங்கள் அப்பா கரண்டுக்குப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் சரியானது, அதை அவரிடமே சொல்லுங்கள்.

விண்டோஸும் அல்ல, சூடும் அல்ல

நீங்கள் அனுப்பிய பதிவில் ‘கேர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் பழுது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவு காரணத்தைச் சொல்வதில்லை. கணினி மறுபடி எழும்பும்போது, ‘போன முறை நான் ஒழுங்காக மூடப்படவில்லை’ என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. அதன் விவரத்தில் ‘பக்செக்கோட்’ என்ற வரி 0 என்று இருப்பதைக் கவனியுங்கள். மென்பொருள் சிக்கலால் விண்டோஸ் விழுந்திருந்தால் நீலத்திரை வந்து அங்கே ஓர் எண் பதிவாகியிருக்கும். 0 என்றால் எழுதுவதற்குக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை, மின்சாரம் ஒரே கணத்தில் அறுந்திருக்கிறது. வைரஸ் இப்படிச் செய்வது மிக அரிது. மூன்றாம் முறையும் விண்டோஸைப் போட வேண்டாம்.

சூட்டைப் பற்றியும் நீங்களே பதில் தந்துவிட்டீர்கள். நிற்பதற்கு முன் புரொசசர் 78 பாகை, கார்ட் 74 பாகை என்று குறித்திருக்கிறீர்கள். அந்தப் புரொசசருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லை 90 பாகை, கார்டுக்கு என்விடியா வைத்திருக்கும் எல்லை 93. இரண்டுமே எல்லையை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் தடுமாறும், படம் விட்டுவிட்டு ஓடும். அதற்கு மேலும் சூடேறினால்தான் அணையும். உங்களுக்கோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் நிற்கிறது.

பக்க மூடியைத் திரும்பப் போடுங்கள். கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, திறந்த பெட்டிக்குள் பெரிய மின்விசிறியால் ஊதுவது உப்பையும் நுண்மணலையும் மதர்போர்டில் கொண்டுபோய்ப் படிய விடுவதாகும். உப்புப் படலம் ஈரத்தை இழுக்கும், செம்பில் பச்சை பிடிக்கும், நாளடைவில் மின்சாரம் போகக்கூடாத இடங்களில் போகத் தொடங்கும். மூடிய பெட்டி, முன்பக்கம் வலைத்தட்டு, அந்த வலையை அடிக்கடி கழுவிக் காயவைத்துப் போடுவது: இங்கே கணினி நீண்ட நாள் நிலைக்க அதுவே வழி.

லேபலில் உள்ள கணக்கு

பவர் சப்ளையின் பக்கத்தில் ‘750 வாட்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நீங்கள் எடுத்த படத்தில் சிறிய எழுத்து அட்டவணையைப் பாருங்கள்: +12 வோல்ட் கோட்டுக்கு 32 அம்பியர். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் இந்த 12 வோல்ட் கோட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 12ஐ 32ஆல் பெருக்கினால் 384 வாட். விளையாட்டுக்கு உதவக்கூடிய உண்மையான சக்தி அவ்வளவுதான். மிச்சம் 3.3, 5 வோல்ட் கோடுகளில் காட்டப்பட்டிருக்கும், இன்றைய கணினிக்கு அவை பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

இனிச் செலவு. ஆர்டிஎக்ஸ் 3070இன் சராசரிப் பாவனை 220 வாட். கேமில் உங்கள் புரொசசர் 80 வாட் அளவுக்குப் போகலாம். மதர்போர்ட், ரேம், டிஸ்க், விசிறிகளுக்கு 40 முதல் 50 வாட். கூட்டினால் 350க்குப் பக்கம் வருகிறது. 384க்குள் அடங்குகிறதே என்று கேட்பீர்கள். இது சராசரி. இந்த வரிசைக் கார்டுகள் நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் தங்கள் சராசரியைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டுத் தணியும் பழக்கம் உள்ளவை. பவர் சப்ளைகளுக்காக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், பவர் சப்ளை தன் அளவின் இரு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று எழுதிச் சேர்த்ததே இத்தகைய பாய்ச்சல்களைக் கருதித்தான். கேம் ஓடும்போது மட்டுமல்ல, அது தொடங்கும் ‘லோடிங்’ திரையிலும் நிற்கிறது என்று நீங்கள் எழுதியது இதோடு பொருந்துகிறது. அந்த நேரத்தில் கார்ட் கட்டுப்பாடில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து தள்ளும், மின்சாரமும் அப்படியே பாயும்.

3070க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் பவர் சப்ளை. நல்ல தயாரிப்பில் 650 என்றால் +12 கோட்டில் மட்டும் 50 அம்பியருக்கு மேல் இருக்கும். உங்களுடையதில் 32. அத்தோடு, மலிவான பவர் சப்ளைகளின் எண்கள் குளிரூட்டிய அறையின் 25 பாகையை வைத்து எழுதப்பட்டவையாக இருப்பது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் உங்கள் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சூடாகச் சூடாக அது தரக்கூடியது இன்னும் குறையும். இருபது நிமிடம் ஓடிவிட்டு நிற்பதன் காரணம் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தடயம் பின்பக்க சுவிட்ச். அதை அணைத்துப் போட்டால்தான் எழும்புகிறது என்றால், பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஆபத்தை உணர்ந்து தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தை முழுதாக எடுத்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். அந்தப் பாதுகாப்பு வேலை செய்வது உங்கள் அதிர்ஷ்டம். அது இல்லாத பெட்டியாக இருந்திருந்தால் இந்நேரம் கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். ஒவ்வொரு முறையும் மீண்டும் போட்டு அதன் பொறுமையைச் சோதிக்காதீர்கள்.

எரிந்துபோன கார்ட் இருபது நிமிடம் ஒழுங்காகப் படம் காட்டாது. படத்தில் கோடுகளோ நிறப்புள்ளிகளோ இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், கார்ட் பிழைத்திருக்கிறது என்றே நம்புகிறேன். 80,000 கொடுத்து வேறு கார்ட் போட்டாலும் அதே பவர் சப்ளை அதையும் அணைக்கும்.

யூபிஎஸ் வேறு கதை

மொனிட்டர் எரிந்துகொண்டிருக்க கணினி மட்டும் நிற்பதும், மொனிட்டரும் சேர்ந்து எல்லாம் இருள்வதும் ஒரே பழுது அல்ல. இரண்டாவதில் குற்றவாளி யூபிஎஸ். 650 விஏ என்பது வாட் கணக்கு அல்ல. பின்னால் பார்த்தால் 360 வாட் என்றோ அதற்குச் சற்று மேலேயோ போட்டிருக்கும். உங்கள் கணினிக்கு உள்ளே 350 வாட் தேவைப்படும்போது, பவர் சப்ளையில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 420 வாட்டுக்கு மேல் போகும். அதற்கு மேல் மொனிட்டர். வெளி மின்சாரம் சரியாக இருக்கும்வரை யூபிஎஸ் அதைக் கடத்திவிட்டுச் சமாளிக்கும். மோட்டர் தொடங்கும் கணத்தில் வோல்ட்டேஜ் விழுகிறது, யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது, தாங்க முடியாத சுமையைக் கண்டு கத்திவிட்டு அணைகிறது.

விளையாடும் கணினியை அந்த யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். ரவுட்டருக்கும் மொனிட்டருக்கும் அது போதும். ஏர்த் சரிசெய்த பின், கணினிக்கு சுவரிலிருந்து தனி சொக்கற், இடையில், திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் நல்ல சர்ஜ் பாதுகாப்புக் கட்டை. பின்னொரு நாள் யூபிஎஸ் வாங்குவதானால் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள், 600க்குக் கீழே போக வேண்டாம். சுவர் மின்சாரத்தைப் போலச் சீரான ‘தூய சைன் அலை’ தருவதா என்றும் கேளுங்கள். இன்றைய நல்ல பவர் சப்ளைகள் சில, படிப்படியான அலை தரும் மலிவு யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும் கணத்தில் அணைந்துவிடும்.

மின்னியலாளர் வரும்போது மாலையிலும் ஒருமுறை வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள், மோட்டரைப் போட்டும் போடாமலும். இங்கே வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 216இலிருந்து 244 வரை. மோட்டர் ஓடாத நேரத்திலும் 216க்குக் கீழே தொடர்ந்து நின்றால் 1987க்கு அழைத்து மின்சாரம் வழங்குபவர்களிடம் முறைப்பாடு பதிவு செய்யுங்கள், பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள். மோட்டர் தொடங்கும்போது மட்டும் விழுகிறது என்றால் வீட்டு வயரிங்கிலோ ஏதோ ஒரு தளர்ந்த இணைப்பிலோ பிழை இருக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை

ஏர்த் சரியானதும் காசு செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் ‘பவர் லிமிட்’ என்ற கோடு இருக்கும். அதை 65 வீதத்துக்கு இறக்குங்கள். கார்ட் 220க்குப் பதிலாக 143 வாட் அளவில் நிற்கும். கேமின் படவேகத்தையும் 60க்குக் கட்டுங்கள். பகல் நேரத்தில், மோட்டர் ஓடாதபோது, வழக்கமாக நிற்கும் கேமை ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். நிற்கவில்லை என்றால் கார்ட் நலம், அதற்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை என்பது கையில் அகப்பட்ட ஆதாரம். அதைக் கைபேசியில் வீடியோவாக எடுத்துவையுங்கள். பழைய நிலைக்கு மாற்றியதும் நிற்பதையும் ஒரே ஒரு முறை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இணையத்தில் கார்டைக் கடைசிவரை வருத்திச் சோதிக்கும் மென்பொருள்களைப் போடச் சொல்வார்கள். நல்ல பவர் சப்ளை உள்ள கணினிக்கு அது சரி. சந்தேகமான பவர் சப்ளையில் அதைச் செய்தால் பிழைத்திருக்கும் கார்டையும் நாமே கொன்றதாகிவிடும்.

65 வீதத்திலும் கணினி நின்றால் என் கணிப்பு தவறாக இருக்கலாம். அப்போது விண்டோஸ் பதிவில் ‘வீஆ-லாகர் 18’ என்று ஏதேனும் இருக்கிறதா பாருங்கள். அது புரொசசர், ரேம், மதர்போர்ட் பக்கம் கைகாட்டும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை, விண்டோஸுக்கு முன் வரும் பயோஸ் திரையில் அணைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்க்கலாம்.

கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு கார்டுக்குப் போகும் வயரையும் பாருங்கள். ஒரே வயர் இரண்டு தலையாகப் பிரிந்து கார்டின் இரண்டு துளைகளுக்கும் போகிறது என்று உங்கள் படத்தில் தெரிகிறது. எட்டு முள் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கானது. பவர் சப்ளையிலிருந்து தனித்தனியே இரண்டு வயர் போவதே சரி. கணினிப் பெட்டியில் வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை நீங்கள் கிழிக்க வேண்டாம், கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் உட்பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது

சண்டையோடு தொடங்க வேண்டாம். அவர் கார்ட் பழுது என்று மனமார நம்பியும் சொல்லியிருக்கலாம். ‘அண்ணை, உங்கட மேசையில இருக்கிற ஒரு நல்ல 650 வாட் பவர் சப்ளையைப் போட்டு என் கண்முன்னால கேமை ஓடவிட்டுப் பாருங்கோ’ என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை. நின்றால் கார்டைப் பற்றிப் பேசலாம், நிற்காவிட்டால் விடை கிடைத்துவிட்டது. மாற்றும்போது பவர் சப்ளையோடு வந்த வயர்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் வயரை இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் செருகினால், தலை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். டிஸ்க்குகள் அதில் எரிந்துபோகும்.

கார்டுதான் பழுது என்று அவர் தொடர்ந்து சொன்னால், ஆறு மாத வொரண்டி நடப்பில் இருக்கும் கார்ட் அது. ‘கரண்டில் போனது’ என்று சொல்பவர் எரிந்த தடயத்தைக் காட்ட வேண்டும். வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான்.

நான் சட்டத்தரணி அல்ல. ஆனாலும் பழுதான பொருளோடு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாக எடுத்துச் சொல்லும் இரண்டு சட்டங்கள் உள்ளன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி அதிகார சபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் கடந்துவிட்டது. கடைக்காரர் ‘பிறகு பார்ப்போம்’ என்று இழுத்தால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்காமல் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள், பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மற்றது, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது அது. ‘கேம் விளையாட’ என்று கேட்டு வாங்கியவருக்கு, 3070ஐத் தாங்காத பவர் சப்ளையைப் பொருத்திக் கொடுத்தது இந்த இடத்தில் வருகிறது. பற்றுச்சீட்டில் ‘750 வாட்’ என்றும் கார்டின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் வாங்கும்போது நடந்த கைபேசி உரையாடல்களைத் தேடி எடுத்துவையுங்கள்.

என் விருப்பம் நடுவழி. பழைய பவர் சப்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்துவிட்டு, பெயருள்ள நிறுவனத்தின் 650 அல்லது 750 வாட் பெட்டியைத் தரச் சொல்லுங்கள், வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு உடன்படுவார்கள், அவர்களுக்கும் வாடிக்கையாளர் வேண்டும். தெரிவு செய்யும்போது ‘80 பிளஸ்’ முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று அல்ல. +12 கோட்டின் அம்பியர் எண்ணையும் வொரண்டி ஆண்டுகளையும் பாருங்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தருகிற நிறுவனம் தன் பொருளை நம்புகிறது.

கையில் இப்போது காசில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். அந்த 65 வீத அமைப்பில் நிற்காமல் ஓடினால், சில மாதம் அப்படியே ஓட்டலாம். வேகம் சிறிதளவே குறையும், விளையாடும்போது பெரிதாகத் தெரியாது. முழுக் கணினியையும் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘நிற்கும் கணினி’ என்று சொல்லி விற்றால் பாதி விலையும் வராது, சொல்லாமல் விற்றால் உங்களுக்கு நேர்ந்ததை இன்னொருவருக்குச் செய்ததாகிவிடும்.

அண்ணாவும் அப்பாவும்

விளையாடியதால் கணினி எரியாது. முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடத்தான் அந்தக் கார்டைச் செய்திருக்கிறார்கள். உங்கள் கணினி நிற்பது கூடுதலாக விளையாடியதால் அல்ல, கட்டியவர் கணக்குப் பார்க்காததால். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி லேபலைக் காட்டுங்கள், 12ஐ 32ஆல் பெருக்கிக் காட்டுங்கள். வீட்டுக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். மின்னியலாளரைக் கூப்பிடும் வேலையை அவரிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது.

அண்ணாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மறைக்கும்படியான தவறு எதையும் நீங்கள் செய்யவில்லை. வியர்வை சிந்தி அனுப்பிய காசு என்பதால்தான் சொல்லப் பயப்படுகிறீர்கள், எனக்கு விளங்குகிறது. ஆனால் பற்றுச்சீட்டு அவர் பெயரில் இருந்தாலோ, பணம் அவர் கணக்கிலிருந்து நேரே கடைக்குப் போயிருந்தாலோ, முறைப்பாட்டுக்கு அவருடைய ஒத்துழைப்பு தேவைப்படும். மூன்று மாதம் முடிந்த பிறகு அவருக்குத் தெரியவந்தால் அதுதான் அவருக்கு வலிக்கும்.

ஒன்று மட்டும் இன்றிரவே செய்யுங்கள். உங்கள் பாடவேலைகளை ஒரு பென்டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ நகல் எடுத்துவையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் டிஸ்க்கில் கோப்புகள் கெட்டுப்போகலாம், அதைப் பிறகு எந்தக் கடையாலும் மீட்டுத்தர முடியாமல் போகலாம்.

கடைக்கு எடுத்துப் போகும்போது, ஸ்டிக்கர் தடையில்லாவிட்டால் கார்டைக் கழற்றித் தனியே சுற்றி எடுத்துப் போங்கள். கனமான கார்ட் ஓட்டோவின் குலுக்கலில் மதர்போர்டின் துளையை உடைத்துவிடும். நல்ல பவர் சப்ளை போட்ட பிறகும் நின்றால், எந்த நேரம் நின்றது, மொனிட்டர் எரிந்துகொண்டிருந்ததா, பின்பக்க சுவிட்சை அணைக்காமல் எழும்பியதா என்ற மூன்றையும் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.